மூங்கில் வாளும் வாழைமர நோட்டும்

பினாங்கிலும் பட்டர்வொர்த்திலும் பிறையிலும் குறும்படம், இணையத் தொடர் என்று இரவு பகலாக அலையும் தம்பி தங்கைகளுக்கு,

போன மாதம் சூலியா தெரு நாசி கண்டார் கடையில் உங்களில் நான்கு பேர் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தீர்கள். கைப்பேசியில் ஒரு முன்னோட்டம் காட்டினீர்கள். ஒன்றரை நிமிடம். பத்து ஃபெரிங்கி கடற்கரை, சாயங்கால வெளிச்சம், மேலே ட்ரோன், கீழே ஒரு சோழ வீரன். அவன் வாளை உருவுகிறான், உருவிக்கொண்டே இருக்கிறான். அவன் உருவி முடிப்பதற்குள் எதிரி ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வந்துவிடலாம். “‘ஷோகன்’ பாத்தீங்களா சார்? அந்த மாதிரி நம்ம கடாரத்த எடுக்கணும்” என்றார் உங்களில் ஒருவர். நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியை உங்கள் நால்வருக்கும், உங்களைப் போல இங்கே படமெடுக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

கடாரம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ராஜேந்திரன் கப்பல் வந்தது 1025-இல். அந்தக் கடாரம் இருந்த பூஜாங் பள்ளத்தாக்கோ பாலத்தைத் தாண்டினால் எட்டிவிடும் தூரம். ஆசை வருவது இயல்பு. ஆனால் ‘ஷோகன்’ 2024-இல் 18 எம்மி விருதுகளை அள்ளிய அமெரிக்கத் தொடர். கனடாவில் துறைமுகத்தையும் கிராமத்தையும் கட்டி எடுத்தார்கள். அந்தப் பணம் நம்மிடம் இல்லை. அதைவிட முக்கியமானது ஒன்று: ஜப்பான்காரர்கள் தங்கள் சரித்திரப் படங்களில் மிக நல்லவற்றை அப்படி எடுக்கவில்லை.

அவர்கள் இந்த வகைக்கு வைத்திருக்கும் பெயர் ஜிதாய்கெகி. பெரும்பாலும் 1603 முதல் 1868 வரை நீண்ட எதோ காலத்துக் கதைகள். பெரிய போர்கள் ஓய்ந்துபோன இரண்டரை நூற்றாண்டு அது. போர் இல்லாத நாட்டில் போர்வீரன் என்ன செய்வான்? கிடங்கில் மூட்டை எண்ணுவான். கணக்கு எழுதுவான். அரிசியில் சம்பளம் வாங்குவான். அந்தச் சம்பளத்தைக் ‘கொக்கு’ என்ற அளவையில் சொல்வார்கள். பறவை இல்லை, ஓர் ஆள் ஒரு வருஷம் சாப்பிடும் அரிசி ஒரு கொக்கு, ஏறக்குறைய 150 கிலோ. யார் எத்தனை கொக்குக்காரர் என்பதில்தான் பாதிக் கதை நடக்கும்.

வெறும் பொழுதுபோக்கும் உண்டு, மறுக்கவில்லை. ‘மிதோ கோமோன்’ என்று ஒரு தொலைக்காட்சித் தொடர் 1969-இல் தொடங்கி 2011 வரை ஓடியது. ஓய்வு பெற்ற பெரிய மனிதர் ஒருவர் வியாபாரி வேஷத்தில் ஊர் ஊராகப் போவார். கடைசியில் துணையாள் குடும்ப முத்திரை போட்ட ஒரு சின்ன மருந்துப் பெட்டியை நீட்டுவான். அக்கிரமக்காரர்கள் அத்தனை பேரும் தரையில் விழுவார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் இதே முடிவு. எம்.ஜி.ஆர். படம் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை.

நான் உங்களைப் பார்க்கச் சொல்வது வேறு சில படங்களை. அதற்கு முன் ஒரு வீட்டு விஷயம்.

எங்கள் பாட்டி இருந்தவரை எங்கள் வீட்டில் ஜப்பான் படம் ஓடியதில்லை. 1982-இல் அரசாங்கம் கிழக்கை நோக்கு என்றது. பாட்டி நோக்க மறுத்துவிட்டார். ஒருநாள் நான் தொலைக்காட்சியில் ஒரு சாமுராய்ப் படத்தை வைத்தேன். அடுப்படியிலிருந்து வந்தவர் திரையில் வாளைப் பார்த்ததும் பேசாமல் சுவிட்சை அணைத்தார். “இவனுங்க மூஞ்சிய மறுபடியும் நடு வீட்டுல வெச்சுப் பாக்கணுமா?” என்றார். காவல் நிற்கும் ஜப்பான் சிப்பாய்க்குக் குனிந்து வணக்கம் சொல்லாததற்காகத் தாத்தா கன்னத்தில் அறை வாங்கியதைப் பாட்டி கண்ணால் பார்த்தவர். எங்கள் வீட்டில் காலம் இரண்டுதான்: ஜப்பான்காரன் வருவதற்கு முன், ஜப்பான்காரன் போன பின்.

பாட்டிக்கு நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அவர் வெறுத்த அதே ராணுவத்தை அவர் அளவுக்கே வெறுத்த ஒரு ஜப்பானியர் சாமுராய்ப் படம் எடுத்திருக்கிறார். பெயர் மசாக்கி கோபயாஷி. போரில் அவரையும் பிடித்து மஞ்சூரியாவுக்கு அனுப்பினார்கள். பதவி உயர்வு வேண்டாம் என்று மறுத்து, கடைசிவரை சாதாரணச் சிப்பாயாகவே இருந்தார். போர் முடிந்ததும் ஒகினாவாவில் கைதி முகாம். 1962-இல் அவர் எடுத்த படம் ‘ஹராகிரி’.

கதை 1630-இல் நடக்கிறது. எஜமான் இல்லாமல் தெருவுக்கு வந்துவிட்ட சாமுராய்கள் பெரிய வீட்டு வாசலில் நின்று, “இப்படி வாழ்வதைவிட உங்கள் முற்றத்தில் மானத்தோடு வயிற்றைக் கிழித்துச் சாகிறேன், அனுமதி கொடுங்கள்” என்பார்கள். வீட்டார் காசு கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஒரு வீடு மட்டும் பாடம் கற்பிக்க முடிவு செய்கிறது. வந்த இளைஞனை உட்கார வைத்து, “சரி, செய்” என்கிறது. அவன் வாளை உறையிலிருந்து எடுக்கிறார்கள். மின்னவில்லை. வெறும் மூங்கில். நோயாளி மனைவிக்கும் குழந்தைக்கும் மருந்து வாங்க இரும்பை விற்றுவிட்டு, வெளியே தெரியாமல் இருக்க உறைக்குள் மூங்கிலைச் செருகி வைத்திருக்கிறான். அதே மூங்கிலால் கிழித்துக்கொள்ள வைக்கிறார்கள். அந்தக் காட்சியை என்னால் இரண்டாம் முறை முழுக்கப் பார்க்க முடியவில்லை.

அவனுடைய மாமனார் கேள்வி கேட்க வருகிறார். வாள் சண்டையும் வருகிறது, ஆனால் படத்தின் கடைசி அடி வாளால் விழவில்லை. அந்த வீட்டின் நாட்குறிப்பில் விழுகிறது. படம் தொடங்குவதும் முடிவதும் அந்த ஏட்டில்தான். செத்துப்போன தங்கள் ஆட்கள் நோயில் இறந்ததாக எழுதி, மூடி வைத்துவிடுகிறார்கள். எதோ காலத்து ஏடு என்றா எண்ணுகிறீர்கள்? போர் முடிந்து பதினேழே வருஷத்தில், ஜப்பானில் உட்கார்ந்து எடுத்த படம் அது. யாருடைய ஏட்டைச் சொல்கிறார் என்று அந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

மூங்கில் வாள் இன்னொரு படத்திலும் வருகிறது. யோஜி யமடா 2002-இல் எடுத்த படம்; ஆங்கிலப் பெயரில் ‘தி ட்விலைட் சாமுராய்’. கதாநாயகன் ஐம்பது கொக்குக் கிடங்குக் கணக்கர். மனைவி காசநோயில் போய்விட்டாள். இரண்டு பெண் குழந்தைகள், நினைவு தப்பிய அம்மா. வேலை முடிந்ததும் கூட்டாளிகள் குடிக்கக் கூப்பிட்டால் போகாமல் வீட்டுக்கு ஓடி, இரவெல்லாம் பூச்சிக் கூண்டு பின்னி விற்கிறான். குளிக்க நேரமில்லாமல் நாற்றமடிக்கிறான்; மேலதிகாரியே முகம் சுளிக்கிறார். அவனும் மனைவியின் இறுதிச் சடங்குக்காக வாளை விற்றவன்தான். எனக்குத் தெரிந்த எத்தனை அப்பாக்கள், துறைமுகத்தில் பகலெல்லாம் கணக்கெழுதிவிட்டு ராத்திரி அங்காடிக் கடையில் தட்டுக் கழுவியவர்கள், அந்த மனிதருக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள் தெரியுமா?

மூன்றாவது படம்தான் நான் இந்த மடலை எழுதக் காரணம். 2010-இல் யோஷிமித்சு மொரிதா எடுத்தது, ‘சாமுராயின் வீட்டுக் கணக்கு’ என்று தலைப்பைத் தமிழாக்கலாம். சரித்திர ஆசிரியர் மிச்சிஃபுமி இசோதா, தோக்கியோவில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஒரு பெட்டியைக் கண்டெடுத்தார். உள்ளே ககா சமஸ்தானத்தில் கணக்கராக இருந்த இனோயாமா குடும்பத்தின் வரவு செலவுக் குறிப்புகள். அரிசி, உப்பு, கல்யாண மொய், கருமாதிச் செலவு எல்லாம் தொகை தொகையாக. அவர் அதைப் புத்தகமாக்கினார், புத்தகம் படமாயிற்று. அந்தக் குடும்பத்தின் கடன் வருஷ வருமானத்தைப் போல் இரண்டு மடங்கு. குடும்பத் தலைவன் பட்டுத் துணி, தேநீர்க் கிண்ணம் என்று ஒவ்வொன்றாக விற்கிறான். மகனுடைய சடங்குக்கு விருந்தில் மீன் வைக்க வேண்டும், வாங்க வழியில்லை. காகிதத்தில் மீன் வரைந்து ஒவ்வொருவர் தட்டிலும் வைக்கிறார்கள்! வாளை ஓங்காமலே இரண்டு மணி நேரம் ஒரு சாமுராய்ப் படம் ஓடுகிறது.

கணக்குப் புத்தகத்திலிருந்து ஒரு காலத்தையே எழுப்ப முடியுமென்றால், தம்பி தங்கைகளே, கணக்குப் புத்தகத்துக்குப் பேர்போன தமிழர்கள் வாழ்ந்த தெரு எது? நீங்கள் தைப்பூசத்துக்கு வருஷா வருஷம் நிற்கும் தெருதான். பினாங் ஸ்ட்ரீட்டில் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும்போது கைப்பேசியைத் தூக்கிப் பிடிக்கிறீர்களே, அதே இடம்.

செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய கிட்டங்கி என்றால் இப்போது பலருக்குச் சொல்லே தெரியவில்லை. நீளமான ஒரே கூடம். இரு பக்கமும் வரிசையாகச் சாய்வுப் பெட்டிகள். ஒரு பெட்டி ஒரு கடை. பெட்டிக்குப் பின்னால் பாயில் சம்மணமிட்டு மேலாள், பக்கத்தில் அடுத்தாள், கூப்பிட்ட குரலுக்குப் பெட்டியடிப் பையன். ஒரு கூடத்துக்குள் பல முதலாளிகளின் பணம் பக்கத்துப் பக்கத்துப் பெட்டியில் கிடக்கும். மூன்று வருஷக் கணக்கை முடித்து, ஐந்தொகை போட்டு, கப்பலேறிச் செட்டிநாட்டுக்குப் போய், மறுபடி வருவார்கள். என் தாத்தா அங்கே சமையலாள். கணக்குப் பார்க்கத் தெரியாதவர், ஆனால் யார் கடை நொடிக்கப் போகிறது என்று மதியச் சாப்பாட்டிலேயே சொல்லிவிடுவாராம். மோர் போதும் என்று எழுந்தால் அந்தப் பெட்டியில் பணமில்லை என்று அர்த்தம்.

இந்த உலகத்தை எழுதிய ஆள் நமக்கு இருக்கிறார். ப. சிங்காரம், சிங்கம்புணரிக்காரர், 1920-இல் பிறந்தவர். பதினெட்டு வயதில் மேடானுக்குக் கடை வேலைக்கு வந்து, போர்க்காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் வியாபாரம் செய்து, 1946-இல் ஊர் திரும்பியவர். ‘புயலிலே ஒரு தோணி’யை எல்லாரும் சொல்வார்கள். நான் சொல்வது அதற்கு முன் எழுதிய ‘கடலுக்கு அப்பால்’, 1959-இல் வெளியான சிறிய நாவல். கதை நடப்பது பினாங்கில். செல்லையா வட்டிக்கடைப் பையன், முதலாளி வானாயீனா, முதலாளியின் மகள் மரகதம். அவளை அவனுக்கே கொடுப்பதாக இருந்தது. நடுவில் ஜப்பான்காரன் வருகிறான், செல்லையா இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து துப்பாக்கி தூக்குகிறான். போர் முடிந்து திரும்பி வந்து நிற்கும்போது முதலாளியின் கணக்கு மாறிவிடுகிறது. துப்பாக்கி பிடித்த கை இனி வட்டிச் சிட்டை எழுத உதவாது என்பது அவர் முடிவு.

ஜப்பான் இயக்குநர் கையில் இது கிடைத்திருந்தால் விட்டிருப்பாரா? வாள், கணக்கு, இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண். சண்டைக் காட்சி வேண்டாம். கூடம், பெட்டி, விளக்கு, நான்கைந்து நல்ல நடிகர்கள் போதும்.

அடுத்தது பணம். ஜப்பான்காரன் அடித்த பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் இருந்ததால் எல்லாவற்றுக்குமே வாழைமர நோட்டு என்று பெயர். பிற்காலத்து நோட்டுகளில் வரிசை எண்கூடக் கிடையாது. எம் என்று தொடங்கும் எழுத்துகள் மட்டும். அச்சடிக்க அச்சடிக்க மதிப்புச் சரிந்தது. போருக்கு முன் நல்ல வெள்ளியில் கடன் வாங்கியவர்கள் சாக்குப் பையில் இந்த நோட்டைக் கொண்டுவந்து கொட்டிக் கடனைத் தீர்த்தார்கள். வாங்க மாட்டேன் என்று எந்தச் செட்டியார் சொல்ல முடியும், வாசலில் கெம்பெத்தாய் ராணுவப் போலீஸ் இருக்கும்போது? 1945 செப்டம்பரில் வெள்ளைக்காரன் திரும்பி வந்து அந்த நோட்டு செல்லாது என்றான். அந்தக் காலத்தில் அடைத்த கடன் அடைந்ததா இல்லையா என்று தீர்க்க 1948-இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. பெட்டி நிறையக் காசு, ஒரு படி அரிசிக்கு வழியில்லை. உறைக்குள் மூங்கிலை வைத்திருந்தவனை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

எடுப்பதானால் சரியாக எடுங்கள். உங்கள் முன்னோட்டத்தில் சோழ வீரன் மணிக்கட்டில் கடிகாரத்தின் வெயில் படாத தடம் தெரிந்தது, அதனால்தான் சொல்கிறேன். 1942-ஐக் காட்ட சுவரில் 1942 என்று காலண்டர் மாட்டினால் தப்பு. ஜப்பான் ஆட்சியில் அது 2602. கடிகாரத்தையும் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைக்கச் சொன்னார்கள், ஒன்றரை மணி நேரம் முன்னால். விடிவதற்கு முன்பே வேலைக்குப் போக வேண்டியிருந்தது என்று பாட்டி சொன்னதன் அர்த்தம் எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. பினாங்குக்கே தோஜோத் தீவு என்று பெயர் மாற்றினார்கள். தட்டில் சோறு வைக்காதீர்கள், மரவள்ளிக்கிழங்கு வையுங்கள். எஸ்பிளனேட் பக்கத்து மணிக்கூண்டு லேசாகச் சாய்ந்திருப்பதற்கு 1941 டிசம்பர் குண்டுகள்தான் காரணம் என்பார்கள். அதைச் சாய்வாகவே எடுங்கள், நிமிர்த்தி எடுக்க ஒளிப்பதிவாளர் மெனக்கெட வேண்டாம்.

கதாநாயகன் வேண்டுமா? அதே டிசம்பரில் வெள்ளைக்காரர்கள் தங்கள் ஆட்களை மட்டும் ராத்திரியோடு ராத்திரியாகக் கப்பலேற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கார்ன்வாலிஸ் கோட்டையில் யூனியன் ஜாக் மட்டும் பறந்துகொண்டிருந்தது. அதை இறக்கியவர் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ பத்திரிகையின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து, இலங்கைத் தமிழர். ஊரில் வெள்ளைக்காரன் இல்லை, குண்டு போடாதீர்கள் என்று வானொலியில் ஜப்பான்காரனுக்கு அறிவித்ததும் அவரே. ஒரு பத்திரிகைக்காரர், ஒரு கொடிக்கம்பம், ஒரு ஒலிவாங்கி. பட்ஜெட் போட்டுப் பாருங்கள்.

ஜப்பான்காரன் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் பாதை போட ஏற்றிப்போன நம்மவர்களைப் பற்றி இந்த மடலில் எழுத எனக்குத் தெம்பில்லை. 415 கிலோமீட்டர். ‘தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ படத்தை 1957-இல் இலங்கையில் எடுத்தார்கள். அதில் வெள்ளைக்காரக் கைதிகளின் மானம் பெரிய பிரச்சனை. செத்த தமிழர்கள் கதையிலேயே இல்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலையாவது படித்து வையுங்கள்.

நமக்கு வராது என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘ரஷோமோன்’ படத்தின் கதை சொல்லும் முறையைப் பார்த்துவிட்டு வந்த எஸ். பாலசந்தர், 1954-இல் ‘அந்த நாள்’ எடுத்தார். பாட்டே இல்லாத தமிழ்ப்படம். ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட 1943-இல் நடக்கிற கதை. சிவாஜி அதில் ஜப்பானுக்கு ரகசியம் விற்கிற வானொலி இன்ஜினியர். ஜப்பான்காரனிடம் கற்ற முறையிலேயே ஜப்பான் காலத்தைச் சொன்ன படம். இங்கேயும் ‘ஜகாட்’ இருக்கிறது. சஞ்சய் குமார் பெருமாள் 2015-இல் எடுத்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தை, தோட்டத்தை விட்டு வெளியே தள்ளப்பட்டவர்களின் வாழ்க்கையை, அந்தக் காலத்துச் சட்டையும் பேச்சும் மாறாமல் காட்டினார். மறு வருஷம் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருது வாங்கியது.

காசு இல்லை என்பீர்கள். ஜுனிச்சி யசுதா என்று ஒருவர், கியோட்டோ பக்கம் நெல் விவசாயி. ஓர் எதோ காலத்துச் சாமுராய், மின்னல் தாக்கி இன்றைய படப்பிடிப்புத் தளத்தில் வந்து விழுந்து, வெட்டுப்பட்டுச் சாகும் துணை நடிகனாகப் பிழைப்பதைக் கதையாக்கினார். செலவு 2 கோடியே 60 லட்சம் யென், காரை விற்றார். படக்குழுவில் பத்துப் பேர் அளவில். படத்தில் உதவி இயக்குநராக நடித்த பெண்தான் நிஜத்திலும் உதவி இயக்குநர். 2024 ஆகஸ்ட்டில் தோக்கியோவில் ஒரே ஒரு அரங்கில் வெளியிட்டார். முந்நூறு அரங்குகளைத் தாண்டி ஓடியது. 2025 மார்ச்சில் ஜப்பான் அகாதமியின் சிறந்த படம் அதுதான்.

உங்களுக்கோ செட் போடும் செலவும் இல்லை. ஜார்ஜ்டவுன் 2008 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது, பாதி ஊர் இடிபடாமல் நிற்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் ‘இந்தோசீன்’ எடுக்க இங்கே வந்தார்கள். வேறு சிலர் சயாம் ராஜா கதைக்கு வந்தார்கள். ஆங் லீ பழைய ஹாங்காங்கைக் காட்ட வந்தார். இங்கிலாந்துக்காரர்கள் ‘இந்தியன் சம்மர்ஸ்’ தொடருக்காகச் சிம்லாவையே நம் மலையில் தேடினார்கள். எல்லா ஊர் வேஷமும் கட்டிய ஊர், நான் பார்த்தவரை தமிழில் தன் சொந்த வேஷத்தை இன்னும் கட்டவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். சோழனை இரண்டு வருஷம் காத்திருக்கச் சொல்லுங்கள். ஆயிரம் வருஷம் இருந்தவர், இருப்பார். ஜப்பான்காரன் காலத்தை நேரில் பார்த்தவர்கள் இப்போது தொண்ணூறைத் தாண்டியவர்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒருவர் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒலிப்பதிவுக் கருவியோடு போய் உட்காருங்கள். வீரக்கதை கேட்காதீர்கள். காலையில் என்ன சாப்பிட்டீர்கள், செருப்பு இருந்ததா, சோப்புக்கு என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். பழைய கடை காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் லாரி வருவதற்குள் போய், கணக்கு நோட்டு ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள். ‘கடலுக்கு அப்பால்’ எடுக்கத் துணிந்தால் உரிமை விவரத்தை முறைப்படி கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

என் பங்குக்கு ஒன்று தருகிறேன். தாத்தாவின் பிஸ்கட் டின் என்னிடம் இருக்கிறது. உள்ளே அவருடைய கடைசி ஆறு மாதச் சம்பளம், அத்தனையும் வாழைமரம், சணல் கயிற்றில் கட்டியபடி. பாட்டி அதை எரிக்கவும் விடவில்லை, யாருக்கும் கொடுக்கவும் விடவில்லை. படத்துக்கு வேண்டுமென்றால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணிக் கொடுப்பேன், எண்ணித் திருப்பித் தர வேண்டும்.

அன்புடன்,
சூலியா தெரு நாசி கண்டார் கடையில் மூலை மேசைக்காரன்
ஜார்ஜ்டவுன், பினாங்கு